கேளிக்கைப் பூங்காவிற்கு எந்தக் காட்சி உகந்தது?
புனே வட்டாரத்தை முன்னிட்டு ஒரு வழிகாட்டி

2013-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், மும்பைக்கும் புனேக்கும் இடையிலுள்ள விரைவுச்சாலையை அடுத்து, கோபோலிக்கு அருகில், இமேஜிக்கா என்னும் பெரிய கேளிக்கைப் பூங்கா திறக்கப்பட்டது. ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப் பின், 2023 பிப்ரவரி 19-ஆம் நாள் சிவாஜி ஜயந்தியன்று, புனே நகரைச் சேர்ந்த ஆம்பேகாவில், காலஞ்சென்ற சரித்திர எழுத்தாளர் பாபாசாகேப் புரந்தரே பல்லாண்டுகளாக மனத்தில் வளர்த்துவந்த சிவசிருஷ்டி என்னும் சரித்திரப் பூங்காவின் முதற்கட்டமாகிய சர்க்கார்வாடா திறந்துவைக்கப்பட்டது. முன்னது இயந்திர ராட்டினங்களை உயிராகக் கொண்டது. பின்னது சரித்திரத்தையே உயிராகக் கொண்டது. இவ்விரு மாதிரிகளுக்கும் இடையில், இவ்வட்டாரத்தில் புதிதாகப் பூங்கா அமைப்போரும், இருக்கும் பூங்காவை விரிவாக்குவோரும் எதிர்கொள்ளும் கேள்வி ஒன்றுண்டு: மேடையில் எந்த நேரடிக் காட்சியை நிறுத்துவது?

ராட்டினத்தைத் தேர்ந்தெடுப்பதும் காட்சியைத் தேர்ந்தெடுப்பதும் ஒரே விதமான காரியங்கள் அல்ல. ராட்டினம் இயந்திரமாதலால், அதை வாங்கி நிறுவியபின் எண்ணெயிட்டுப் பரிசோதித்து ஓட்டினால் போதும். நேரடிக் காட்சியோ மனிதர்களுடைய தேகத்தால் ஆவது. அதைத் தேர்ந்தெடுக்கும்போது, நாள்தோறும் பலமுறை குதிக்கவும் விழவும் சுழலவும் போகிற சில கலைஞர்களின் உடலையும் ஜீவனத்தையும் பல ஆண்டுகளுக்கு நாம் பொறுப்பேற்றுக்கொள்கிறோம். இந்த எண்ணத்தை முன்வைத்தே கீழ்க்காணும் வகைகளை ஒப்பிட விரும்புகிறேன்.

முதலில் பருவமும் ஜனங்களும்

புனே நகரில் ஆண்டுக்குச் சராசரியாக 700 மில்லிமீட்டர் அளவில் பெய்யும் மழை, ஸஹ்யாத்ரி மலையின் முகட்டிலுள்ள லோணாவ்ளாவில் 4,000 மில்லிமீட்டரையும் தாண்டிவிடுகிறது. ஆகையால் நகரை ஒட்டிய பூங்காவிற்குப் பொருந்தும் திறந்தவெளி அரங்கம், மலைச்சாரலை ஒட்டிய பூங்காவிற்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கு மாதங்கள் வீணாய்க் கிடக்கக்கூடும். ஏப்ரல், மே மாதங்களிலோ வெயில் 40 பாகையைத் தொடுவதால், நண்பகலில் கூரையில்லாத படிக்கட்டுகளில் ஜனங்களை உட்காரவைப்பது அவர்களுக்கு இழைக்கும் கொடுமையாகும். பக்கங்கள் திறந்தும் மேற்கூரை உறுதியாகவும் அமைந்த அரங்கமே இவ்வட்டாரத்திற்குப் பொதுவாக ஏற்றது என்பது என் அபிப்ராயம்.

அடுத்தது எண்ணிக்கை. எடுத்துக்காட்டாக, 800 இருக்கைகள் உள்ள அரங்கில் இருபத்தைந்து நிமிஷக் காட்சியை நாளொன்றுக்கு நான்கு முறை நடத்தினால் 3,200 பேர் காணலாம். விடுமுறை நாளில் 6,000 பேர் வரும் பூங்காவில் இது ஏறக்குறையப் பாதிப்பேருக்கே போதும். கிழமை நாளில் 1,000 பேர் மட்டும் வரும்போது நான்காவது காட்சி காலி இருக்கைகளுக்கு முன் நடக்கும். எனவே, கூட்டத்திற்கு ஏற்பக் காட்சிகளைக் கூட்டவும் குறைக்கவும் இடங்கொடுக்கும் வகையே உத்தமமானது.

மொழியையும் மறத்தலாகாது. மராத்தியரும், இந்தி பேசும் வடநாட்டாரும், குஜராத்தியரும், கட்கி முதலிய பகுதிகளில் தலைமுறைகளாக வாழும் தமிழரும் ஒரே வரிசையில் உட்காரும் அரங்கில், வசனத்தை நம்பி நிற்கும் காட்சியைவிட உடலின் பாஷையை நம்பி நிற்கும் காட்சி எளிதில் எல்லாருக்கும் எட்டும்.

சினிமாப் பாணிச் சாகசம்

முதலில் எல்லார் மனத்திலும் தோன்றுவது இவ்வகைதான். ஹாலிவுட் யூனிவர்சல் பூங்காவில் 1995 அக்டோபரில் தொடங்கிய ‘வாட்டர்வேர்ல்ட்’ காட்சியில், நீர்நிலையின் நடுவே அமைந்த கோட்டையைச் சுற்றி விசைப்படகுகள் பாய்வதும், உயரத்திலிருந்து வீரர்கள் நீரில் விழுவதும், தீப்பிழம்பு எழுவதும், முடிவில் நீர்விமானமொன்று மதிலைத் தாண்டி வந்து இறங்குவதும் காணலாம். சிங்கப்பூர் சென்ற தமிழர் பலர் அங்குள்ள யூனிவர்சல் பூங்காவில் இதையே கண்டிருப்பர். மூலப்படம் வசூலில் எதிர்பார்ப்பை எட்டவில்லை எனினும் காட்சி இன்றளவும் நிலைத்திருப்பது கவனிக்கத்தக்கது. புகழ்பெற்ற படத்தின் பெயருக்காக மட்டும் பெருந்தொகை கொடுப்பது அவசியமில்லை என்பதை இது காட்டுகிறது. நம் நாட்டில் ராமோஜி திரைப்பட நகரில் அமெரிக்க மேற்குப் பகுதியின் துப்பாக்கி வீரர்களைக் கொண்ட சாகசக் காட்சி நடைபெற்று வந்திருக்கிறது.

இவ்வகையின் குணம், குழந்தை முதல் முதியவர் வரை ஒரே சமயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பது. குறைகளோ மூன்று. முதலாவது, அரங்க நிர்மாணத்திற்கும் தீ, வெடி, நீர் ஆகியவற்றின் பராமரிப்பிற்கும் ஆகும் செலவு ஓயாதது. கோடையில் தண்ணீர் லாரியை எதிர்நோக்கும் குடியிருப்புகள் சூழ்ந்த வட்டாரத்தில் பெரிய குளமொன்றை நிரப்பிவைப்பது நியாயமா என்பதையும் சிந்திக்க வேண்டும். இரண்டாவது, ஒரே கதை என்பதால் இரண்டாம் முறை வருவோர்க்குச் சுவை குறையும். மூன்றாவதும் முக்கியமானதும் அபாயம். 2009 ஆகஸ்டில் பிளாரிடாவின் டிஸ்னி பூங்காவில், பல ஆண்டுகளாக நடந்துவந்த இண்டியானா ஜோன்ஸ் சாகசக் காட்சியின் ஒத்திகையில் ஒரு கலைஞர் உயிரிழந்தார். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் படப்பிடிப்பொன்றில் கார் கவிழும் காட்சியில் அனுபவமிக்க தமிழ்ச் சண்டைக் கலைஞர் ஒருவர் மாண்டார். படப்பிடிப்பில் ஒரு முறை செய்யும் சாகசத்தைப் பூங்காவில் ஆண்டுக்கு ஆயிரம் முறை செய்ய வேண்டியிருப்பதை எண்ணினால், இங்கே வேண்டிய ஜாக்கிரதை படப்பிடிப்பில் வேண்டியதைவிடப் பன்மடங்கு என்பது விளங்கும்.

சரித்திரப் பெருநாடகம்

புரந்தரே எழுதி, 1980-களின் நடுவில் முதன்முதலாக மேடையேறிய ‘ஜாணதா ராஜா’ என்னும் சிவாஜி நாடகம், இருநூறுக்கும் மேற்பட்ட நடிகர்களையும் யானை, குதிரை, ஒட்டகங்களையும் கொண்டு திறந்தவெளியில் ஆயிரத்துக்கும் மேலான முறைகள் நடத்தப்பட்டது. பிரான்ஸ் தேசத்தின் வாந்தே பகுதியிலுள்ள புய் து பூ என்னும் பூங்காவோ, ராட்டினம் ஒன்றுகூட இல்லாமல், சரித்திரக் காட்சிகளை மட்டுமே நம்பி வளர்ந்தது. 1978-இல் அங்கே தொடங்கிய இரவுப் பெருங்காட்சியில் அக்கம்பக்கத்துக் கிராமத்தார் ஆயிரக்கணக்கில் ஊதியமின்றித் தொண்டர்களாகவே நடித்துவருகின்றனர்.

மக்கள் தம் பூர்விகர்களின் கதையைக் காணும்போது எழும் பக்தியும் பெருமிதமும் வேறெந்த வகைக்கும் வாய்ப்பதில்லை. எனினும் இது நீண்டது. மாலையில்தான் ஒளி அமைப்பால் சோபிக்கும். இரவு பத்து மணிக்குமேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குச் சட்டம் பொதுவாக இடங்கொடாது. நாளுக்கு ஒரு முறைக்குமேல் நடத்துவது அரிது. அன்றியும் சரித்திரத்தைக் கையாள்வதில் பிழை நேர்ந்தால் ஒரு சமூகத்தின் மனம் புண்படுமாதலால், தக்க வரலாற்று அறிஞரின் மேற்பார்வையின்றி இதில் இறங்கலாகாது. விடுமுறைக் காலங்களுக்கும் பண்டிகை நாட்களுக்கும் உரிய சிறப்புக் காட்சியாக வைத்துக்கொள்வதே விவேகம்.

மல்லகம்பமும் மர்தானி கேளும்

புனேக்கு உரிய செல்வம் இங்கேதான் இருக்கிறது என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் சோமேசுவரன் இயற்றிய மானஸோல்லாஸத்திலேயே குறிக்கப்பெறும் மல்லகம்பக் கலை, பின்னர் நலிந்து, இரண்டாம் பாஜிராவ் பேஷ்வாவின் காலத்தில் அவருடைய உடற்பயிற்சி ஆசிரியர் பாலம்பட்ட தாதா தேவதரால் மறுபடியும் தழைத்தது என்பது வழிவழி வந்த செய்தி. நட்ட கம்பம், தொங்கும் கம்பம், கயிறு என மூன்று விதமாக இது நிகழ்கிறது. விளக்கெண்ணெய் பூசிய மரக்கம்பத்தின்மேல் ஓர் இளைஞன் ஏறி, கால்களின் பிடியில் உடலைக் கிடையாக நிறுத்தும்போது, அதைப் புரிந்துகொள்ள எந்த வசனமும் வேண்டுவதில்லை. நம் விழுப்புரத்திலும் மல்லர் கம்பப் பயிற்சி சிறந்து விளங்குவதால், தமிழ்நாட்டு வாசகர்க்கும் இது அந்நியமன்று.

கோலாப்பூரில் இன்றும் உயிரோடிருக்கும் மர்தானி கேள், சிலம்பத்தைப் போலவே கோலிலிருந்து தொடங்கி, முழங்கைவரை உறைபோல் மாட்டிக்கொண்டு சுழற்றும் தாண்ட்பட்டா என்னும் வாளில் சிகரத்தை எட்டுகிறது. இவ்விரண்டையும் புனே விநாயகர் திருவிழாவின் டோல்-தாஷா முழக்கத்தோடு சேர்த்தால், பதினைந்து நிமிஷத்திலும் நடத்தலாம், முக்கால் மணி நேரமாகவும் விரிக்கலாம். தீயும் வெடியும் வேண்டாம்; மேடைச் செலவு சொற்பம்; கலைஞர்கள் அருகிலேயே கிடைப்பர். மழைக்காலத்தில் கயிறு நீரை உறிஞ்சுவதும் கம்பம் வழுக்குவதும் அபாயமாதலால் கூரையும் தடித்த மெத்தையும் மட்டும் கட்டாயம் வேண்டும். பயிற்சிக்கூடத்தின் கலையை அப்படியே மேடையில் வைத்தால் ஒப்புவித்தல் போலாகிவிடும் என்பதே இதன் ஒரே குறை. ஒளி, இசை, வரிசை ஆகியவற்றை அமைக்கத் தேர்ந்த நாடக இயக்குநர் ஒருவரை நியமித்தால் அக்குறையும் நீங்கும்.

சர்க்கஸும் மரணக்கிணறும்

இந்திய சர்க்கஸ் பிறந்ததும் மராட்டிய மண்ணின் முயற்சியாலேயே: விஷ்ணுபந்த் சத்ரே 1880 மார்ச்சில் மும்பையில் தம் முதற்காட்சியை நடத்தினார். பின்னர் கேரளத்துத் தலைச்சேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் நடத்திய பயிற்சிப் பள்ளி கலைஞர்களைத் தலைமுறைகளாக உருவாக்கியது. பார் விளையாட்டு, கயிற்றுநடை, கோமாளி ஆகியவற்றைத் தனித்தனி அம்சங்களாக ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்பதும், ஆறு மாதத்திற்கொரு முறை அம்சங்களை மாற்றிப் புதுமை காட்டலாம் என்பதும் சர்க்கஸின் சௌகரியங்கள்.

மரணக்கிணறு வேறு. பத்து மீட்டர் விட்டமுள்ள மரக்கிணற்றின் செங்குத்தான சுவரில் மோட்டார் சைக்கிள் விழாமல் ஓட, மணிக்கு 30 கிலோமீட்டர் அளவிலேனும் வேகம் வேண்டும். சுவர் சக்கரத்தை அழுத்தும் விசையால் பிறக்கும் உராய்வே ஓட்டுபவரைத் தாங்குகிறது. எனவே பலகையில் ஈரமோ எண்ணெயோ படிந்தால் அந்த ஆதாரமே அற்றுப்போகும். பொறியாளரின் சான்றும், தினசரிப் பலகைப் பரிசோதனையும், பார்வையாளர் எட்டிக் கைநீட்ட முடியாத தடுப்பும் இல்லாவிடில் இதை ஏற்கவே கூடாது.

ஊர்வலமும் உலாவும் கலைஞர்களும்

மாலையில் வீதியோடு செல்லும் அலங்கார ஊர்வலத்திற்கு இருக்கை வேண்டாம். பூங்காவின் கூட்டம் முழுவதும் ஒரே சமயத்தில் காணலாம். சென்னை வி.ஜி.பி. கடற்கரைப் பூங்காவில் அசையாமல் நின்று சிறுவர்களை வியக்கவைத்த சிலை மனிதரைத் தமிழர் பலர் இன்றும் நினைவில் வைத்திருப்பது, ஒரே ஒரு மனிதரின் பயிற்சி ஒரு பூங்காவின் அடையாளமாகவே ஆகிவிடக்கூடும் என்பதற்குப் போதிய சான்று. சிறிய முதலீட்டில் தொடங்குவோர் இங்கிருந்தே தொடங்கலாம்.

விலக்க வேண்டியவை

புனேயில் பிறந்து, அமெரிக்காவின் ரிங்லிங் சர்க்கஸ்வரை சென்று புகழ்பெற்ற விலங்குப் பயிற்சியாளர் தாமு தோத்ரேயின் காலம் வேறு. இன்றைய தர்மம் வேறு. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கிக் காட்சிக்கு விடுவதை மத்திய அரசு 1998-இல் தடைசெய்தது. நீதிமன்றங்களும் அதை உறுதிசெய்தன. அதே ஆண்டில் சென்னைக்கு அருகே ஒரு கடல்வாழ் உயிரினப் பூங்காவிற்காக வரவழைக்கப்பட்ட டால்பின்கள் சில மாதங்களில் மாண்டன. 2013 மே மாதத்தில் டால்பின் காட்சியகங்களுக்கு அனுமதியளிக்கலாகாதென்று சுற்றுச்சூழல் அமைச்சகம் மாநிலங்களுக்கு அறிவித்தது. சரித்திர நாடகத்தில் குதிரையை உபயோகிப்பதாயினும் 2001-ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவுபெறுதல் அவசியம். குழந்தைகளைச் சர்க்கஸில் வேலைக்கு வைப்பதை உச்ச நீதிமன்றம் 2011 ஏப்ரலில் தடுத்துவிட்டது. சட்டம் சொல்லியிராவிடினும் மனிதத்தன்மை இதையே சொல்லும்.

ஒப்பந்தத்திற்கு முன்

காட்சிக் குழுவைத் தேர்ந்தெடுக்குமுன், அதன் விளம்பரப் படத்தை மட்டும் நம்பாமல் நேரில் இரு முறை காண்க: கூட்டம் குறைந்த கிழமை நாளில் ஒருமுறை, ஒத்திகையில் ஒருமுறை. பின்னர் இவற்றைக் கேட்க வேண்டும்:

- ஒவ்வொரு அபாயகரமான பாத்திரத்திற்கும் மாற்றுக் கலைஞர் உண்டா? ஒருவர் ஒரு நாளில் எத்தனை முறை உயரத்திலிருந்து விழுகிறார்?
- இடைக்கச்சை, கம்பி, மெத்தை ஆகியவற்றைப் பரிசோதித்த தேதிகள் ஏட்டில் எழுதப்படுகின்றனவா?
- மழையோ காற்றோ வந்தால் காட்சியை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு? அது சண்டைப் பயிற்சியாளரிடம் இருக்க வேண்டுமேயன்றி, டிக்கெட் விற்பனையைக் கவனிப்பவரிடம் இருத்தல் தகாது.
- கலைஞர்க்கு விபத்துக் காப்பீடும், உரியவர்க்கு ஈ.எஸ்.ஐ. பதிவும் உண்டா? காயமுற்று ஓய்வெடுக்கும் நாட்களுக்குச் சம்பளம் உண்டா?
- காட்சியில் ஒலிக்கும் பாடல்களுக்கு உரிமம் பெறப்பட்டுள்ளதா?

கடைசிக் கேள்விக்குமுன் உள்ளவற்றுக்குத் தெளிவான விடை தராத குழு, எவ்வளவு குறைந்த விலை கூறினும், விலக்கத்தக்கதே.

எவருக்கு எது?

புதிதாகத் தொடங்கும் சிறிய பூங்கா, உலாவும் கலைஞர்களோடும் வாரக்கடைசி மல்லகம்பக் காட்சியோடும் தொடங்கலாம். நடுத்தரப் பூங்கா, கூரையிட்ட அரங்கில் மல்லகம்பம், மர்தானி கேள் இரண்டையும் நிலையான காட்சியாக வைத்து, சர்க்கஸ் அம்சங்களைப் பருவந்தோறும் மாற்றிச் சேர்க்கலாம். பெரும் முதலீடு உள்ளவர்கள் அதன்மேல் மாலை ஊர்வலத்தையும், பண்டிகைக்காலச் சரித்திர நாடகத்தையும் சேர்த்து, சினிமாப் பாணிச் சாகசத்தை இறுதியாகவே எண்ண வேண்டும். அதுவும், தமக்கென நிரந்தரப் பாதுகாப்புக் குழுவொன்று அமைந்து ஓராண்டேனும் பிற காட்சிகளைப் பழுதின்றி நடத்திய பின்னரே.

ஜனங்கள் அபாயத்தைக் காணவே வருகிறார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். அவர்கள் காண வருவது, அபாயம்போலத் தோன்றுவதை ஒரு மனிதன் தன் பயிற்சியால் வென்று புன்னகையோடு நிற்கும் சாமர்த்தியத்தையே. அந்தச் சாமர்த்தியம் எந்த மண்ணில் விளைந்ததோ அந்த மண்ணிலிருந்தே கலைஞரைத் தேடி, அவருக்குத் தக்க ஊதியமும் பாதுகாப்பும் கொடுத்து, பத்தாண்டு கழித்தும் அவரே தம் சீடர்களோடு அதே மேடையில் நிற்கும்படி செய்யவல்ல காட்சி எதுவோ, அதையே தேர்ந்தெடுங்கள்.