பழம்பலகையிற் பசுங்கொடி

ஒரு பொருள் எத்துணைக் காலம் பயன்படும் என்பது அப்பொருளை மட்டும் பொறுத்ததன்று. அதனைக் கையாளும் மக்களின் அறிவையும் பொறுத்ததாகும். அடுப்படியில் விளிம்பு உடைந்த பானை கொல்லையில் துளசிக்கு இடமாகிறது. தேய்ந்து கைவிடப்பட்ட கல்லுரல் வாயிற்புறத்தில் செம்பருத்தியைத் தாங்கி நிற்கிறது. கோயில் விழாக்களிலும் திருமண வீடுகளிலும் சிறு மண்கலங்களில் நவதானியங்களை முளைக்கச் செய்யும் முளைப்பாலிகை வழக்கம் தமிழ்நாட்டில் நெடுங்காலமாக உள்ளது. ஆதலின், கலத்தில் மண்ணிட்டுச் செடி வளர்த்தல் தமிழருக்குப் புதியதன்று. ஆயினும், ஒருகாலத்தில் ஆடை வைத்த அலமாரியும், ஏடு வைத்த இழுப்பறையும், அமர்ந்து பழகிய நாற்காலியும் தோட்டமாகக் கூடும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

சென்னை மாநகரின் தென்பகுதியில் இவ்வெண்ணத்திற்குத் தேவை மிகுதி. தியாகராயநகர் இன்று நிற்கும் இடத்தில் முன்னர்ப் பரந்த ஏரி ஒன்று இருந்தது. 1920 ஆம் ஆண்டுகளில் அவ்வேரியைத் தூர்த்தே புதிய நகர்ப்பகுதியை அமைத்தனர். அந்நாளில் எழுந்த வீடுகள் பலவற்றில் முன்னும் பின்னும் மரஞ்செடிகள் வளர இடம் இருந்தது. பின்னர் அவ்வீடுகளின் இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் இதுவே நிகழ்ந்தது. ஏரி வீடாயிற்று, வீட்டுத் தோட்டம் வண்டி நிறுத்தும் இடமாயிற்று. மண்ணுக்கு எஞ்சியது மொட்டைமாடி ஒன்றே.

வீடுகள் இடிபடும்போதும் குடும்பங்கள் சிறிய குடியிருப்புகளுக்கு மாறும்போதும் பழைய மரச்சாமான்களுக்கு இடமில்லாமற் போகிறது. அவற்றுட் சில பழம்பொருட் கடைகளுக்கும் ஏலத்திற்கும் செல்கின்றன. பழம்பொருள் வாணிகத்திற்குப் பெயர்பெற்ற மூர் மார்க்கெட் 1985 ஆம் ஆண்டு மே மாதத்தில் தீக்கிரையாயிற்று. எனினும் அவ்வாணிகம் நகரின் பல இடங்களிலும் இன்றும் தொடர்கிறது. விலைபோகாத பொருள்கள் குப்பையிற் சேர்கின்றன. தென்சென்னையின் குப்பை பல்லாண்டுகளாகப் பெருங்குடிக் கிடங்கிற்கே கொண்டு செல்லப்பட்டது. அக்கிடங்கு அமைந்த இடமோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரமாகும். உலகின் சிறந்த ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கைப் பட்டியலில் 2022 ஆம் ஆண்டு இடம்பெற்ற நிலம் அது.

எஞ்சியவை போகித் தீக்கு இரையாகின்றன. பழைய பாயும் துடைப்பமும் எரிந்த காலத்தில் அப்புகை பெருந்தீங்கு விளைக்கவில்லை. வண்ணம் பூசிய பலகையும், நெகிழியும், வண்டிச் சக்கரத்தின் உறையும் எரியத் தொடங்கிய பின்னர் நிலைமை மாறிற்று. 2018 ஆம் ஆண்டு போகியன்று புகையும் பனியும் கலந்து சூழ்ந்தமையால் சென்னை விமான நிலையத்தில் வானூர்திகளின் வருகையும் புறப்பாடும் தடைப்பட்டன. ஒவ்வொரு வீட்டாரும் எரித்தது சிறிதே. ஊர் முழுதும் சேர்ந்தபோது அது வானையே மறைத்தது.

இந்நிலையில், மயிலாப்பூர் மாடவீதி ஒன்றை அடுத்துள்ள ஒரு வீட்டை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். போகிக்கு முன்னாள் மாலையில் அவ்வீட்டுச் சிறுவன் பழைய அலமாரி ஒன்றைக் கூடத்திற்கு இழுத்து வருகிறான்.

“பாட்டி, இதன் கதவு மூடுவதே இல்லை. நாளைக்குப் போகியில் போட்டுவிடலாமா?” என்று கேட்கிறான்.

பாட்டியார் உடனே விடை கூறவில்லை. பலகையைக் கைவிரலால் தட்டிப் பார்க்கிறார். இழுப்பறையைத் திறந்து உட்புறத்தைத் தடவுகிறார்.

“போடலாம், அப்பா. சிறிது நேரத்தில் சாம்பலாகிவிடும். இது நல்ல தேக்கு. என் திருமணத்தின்போது என் தகப்பனார் செய்வித்துக் கொடுத்தது. கதவுதான் கெட்டிருக்கிறது, இழுப்பறை நான்கையும் கரையான் தொடவில்லை. மேலே மாடியில் வெயில் வீணாய்ப் போகிறது. இந்தப் பலகையையும் அந்த வெயிலையும் சேர்த்து வைத்துப் பார்.”

பாட்டியார் பலகையைத் தட்டிப் பார்த்ததில் பொருள் உண்டு. மரச்சாமான் எல்லாம் மண்ணைத் தாங்கும் தகுதி உடையன அல்ல. தேக்கின் வைரப்பகுதியில் இயல்பாகவே அமைந்துள்ள எண்ணெய்ப்பசையும் சில வேதிப்பொருள்களும் கரையானையும் பூசணத்தையும் எதிர்க்க வல்லன. அதனாலேயே கப்பலுக்கும் கதவுக்கும் தேக்கினைத் தேர்ந்தனர். இக்காலத்து மலிவான சாமான்கள் பல, மரத்தூளைப் பசையுடன் கலந்து அழுத்திச் செய்த பலகையால் ஆனவை. அவை ஈரம் பட்டவுடன் பருத்து உதிர்ந்துவிடும். அவற்றின் பசையும் மண்ணிற் கலத்தல் நன்றன்று.

வண்ணம் பூசிய பழம்பொருளிடத்தும் எச்சரிக்கை வேண்டும். பழைய வண்ணங்களில் ஈயம் கலந்திருத்தல் உண்டு. இந்தியாவில் வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்கிற்கு மேற்படலாகாது என்னும் விதி 2017 நவம்பரிலேயே நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட வண்ணப்பலகையைச் சுரண்டித் தூளாக்கினால் அத்தூள் குழந்தைகளின் உடலுக்குக் கேடு செய்யும். அத்தகைய சாமானில் உண்ணும் கீரையை வளர்த்தல் கூடாது. தனித்தொட்டியில் வைத்த பூச்செடியை அதன்மேல் நிறுத்தலாம். வெள்ளத்தில் மூழ்கிய சாமானுக்கும் இவ்விதி பொருந்தும். 2015 ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாறு கரைகடந்து வீடுகளுட் புகுந்தபின், நனைந்த கட்டில்களும் மேசைகளும் தெருவோரங்களில் மலைபோற் குவிந்தன. கழிவுநீர் ஊறிய அத்தகைய பலகை உணவுப் பயிருக்கு ஏற்றதன்று.

இனி, அவ்வீட்டார் செய்ததைக் காணலாம். இழுப்பறை ஒவ்வொன்றும் 60 சென்டிமீட்டர் நீளமும், 40 சென்டிமீட்டர் அகலமும், 15 சென்டிமீட்டர் ஆழமும் உடையது. அதன் கொள்ளளவு 36 லிட்டர். ஈரமண்ணை மட்டும் நிரப்பினால் ஓர் இழுப்பறை ஏறக்குறைய 60 கிலோகிராம் இருக்கும்; அஃதாவது வளர்ந்த ஆள் ஒருவர் மாடியில் இரவும் பகலும் நிற்பதற்கு ஒப்பாகும். மயிலாப்பூரின் பழைய வீடுகள் சிலவற்றில், மர உத்திரங்களின்மேல் செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பிட்டுக் கட்டிய தளமே உள்ளது. அத்தகைய தளத்தின் நடுவே சுமை ஏற்றுதல் இடர் தரும். எந்த மாடியாயினும் கட்டடம் அறிந்தவரைக் கேட்ட பின்னரே சுமை வைத்தல் வேண்டும். வைக்கும்போதும் சுவரை ஒட்டி வைத்தல் நலம். சுமையைக் குறைப்பதற்குச் செம்மண், தென்னை நார்க்கழிவு, மக்கிய தொழுவுரம் ஆகிய மூன்றையும் சம அளவிற் கலப்பர். நார்க்கழிவு எடை குறைந்தது. தன் எடையைப் போற் பல மடங்கு நீரைப் பிடித்து வைப்பது. அதனை முன்னரே நீரில் அலசி உப்பைப் போக்கிக்கொள்ளல் வேண்டும். 2013 ஆம் ஆண்டில் தமிழக அரசு சென்னையிலும் கோயம்புத்தூரிலும் மாடித்தோட்டத் திட்டத்தைத் தொடங்கியபோது மக்களுக்கு வழங்கிய பொருள்களிலும் இந்நார்க்கழிவு இடம்பெற்றது.

இவ்வளவும் அறிந்து செய்த அவ்வீட்டார் ஒன்றைமட்டும் செய்யாது விட்டனர். நீர் வடிவதற்கு அடிப்பலகையில் துளையிட வேண்டும் என்று தச்சர் கூறினார். சிறுவனும் துரப்பணத்தை எடுத்து வந்தான். பாட்டியார் தடுத்துவிட்டார். “என் தகப்பனார் கொடுத்த பலகை. அதைத் துளைக்க மனம் வரவில்லை, இப்படியே இருக்கட்டும்” என்றார்.

தை மாதத்தில் முளைக்கீரையும் வெந்தயமும் விதைத்தனர். நாள்தோறும் சிறுவன் அளவறிந்து நீர் தெளித்தான். ஏறத்தாழ 25 நாளில் முதற்கீரை அறுவடை ஆயிற்று. கோடை வெயிலில் இழுப்பறைகளின்மேல் பழைய பாயால் நிழல் அமைத்தனர். ஆடியில் விதைத்த கொத்தவரை காய்த்தது. குறை யாதொன்றும் தோன்றவில்லை.

ஐப்பசி பிறந்தது. சென்னைக்குப் பெருமழை தருவது வடகிழக்குப் பருவக்காற்று. ஒரே இரவில் பெய்த மழையில் நான்கு இழுப்பறைகளும் குளங்களாயின. நீர் வடிய வழியில்லை. வேர் மூச்சுவிடுவதற்கு மண்துகள்களின் இடையே காற்று இருத்தல் வேண்டும். அவ்விடம் முழுதும் நீரே நிறைந்துவிடின் வேர் அழுகும். மூன்றாம் நாள் செடிகள் மஞ்சளித்துச் சாய்ந்தன. ஒரு வாரத்திற்குள் தேங்கிய நீரிற் கொசுப்புழுக்கள் நெளிந்தன. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு இத்தகைய சிறு நீர்த்தேக்கத்திலேயே முட்டையிடும். யாதொரு தீங்கும் நேரலாகாது என்று போற்றிய அடிப்பலகையும் நீரில் ஊறிப் பொருத்துவாய் விலகி நின்றது.

சிறுவன் செடிகளைப் பிடுங்கி ஒருபுறம் வைத்துவிட்டுப் பேசாது நின்றான். பாட்டியார் மாடிக்கு வந்து நான்கு இழுப்பறைகளையும் பார்த்தார். பின்னர்த் தாமே கீழே சென்று துரப்பணத்தைக் கொண்டுவந்து அவன் கையிற் கொடுத்தார்.

“துளையிடு, அப்பா. பலகையைக் காக்கப் போய்ச் செடியையும் இழந்தோம்; பலகையையும் கெடுத்தோம். என் தகப்பனார் இதை மூடி வைப்பதற்காகக் கொடுக்கவில்லை, பயன்படுவதற்காகத்தான் கொடுத்தார்.”

ஒவ்வோர் இழுப்பறையின் அடியிலும் 12 மில்லிமீட்டர் அகலமுள்ள ஆறு துளைகள் இடப்பட்டன. துளை அடைபடாதிருக்க அதன்மேல் உடைந்த ஓட்டுத்துண்டுகளைக் கவிழ்த்து வைத்தனர். பலகையில் ஈரம் நேரே படாதபடி உட்புறத்தில் துளையிட்ட தார்ப்பாய்த் துண்டை விரித்தனர். வெளிப்புறத்தில் ஆளிவிதை எண்ணெயைப் பூசி உலர்த்தினர். அடியிலும் காற்றுப் புகுமாறு நான்கு மூலைகளையும் செங்கல்மேல் நிறுத்தினர். அலமாரியின் கதவுகளும் வீணாகவில்லை. அவற்றின் சட்டங்களைச் சுவரிற் சாய்த்துக் கயிறு கட்டியபின் அவரைக்கொடி அவற்றின்மேல் ஏறிற்று. அடுத்த பெருமழை வந்தபோது துளைகளின் வழியே நீர் வடிந்தது. செடிகள் நிமிர்ந்து நின்றன.

பிற சாமான்களும் அவ்வவற்றின் இயல்பிற்கேற்பப் பயன்படுவன. பிரம்பு அறுந்த நாற்காலியின் இருக்கைத் துளையிற் பூத்தொட்டியைப் பொருத்தலாம். ஆட்டங்கண்ட மர ஏணியை விரித்து நிறுத்தினால் அதன் படிதோறும் சிறு தொட்டிகளை அடுக்கலாம். இரும்புக் கட்டிலின் தலைச்சட்டம் புடலைக்கும் பாகலுக்கும் பந்தற்காலாகும். கீரைக்கு 15 சென்டிமீட்டர் ஆழம் போதும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் 30 சென்டிமீட்டர் வேண்டும். கலத்தின் ஆழத்தைக் கண்டு பயிரைத் தேர்தலே முறையாகும்.

கழித்த பொருளிற் கலை காணுதல் எத்துணை உயர்ந்த செயலாகலாம் என்பதற்குச் சண்டிகர் நகரத்துப் பாறைத் தோட்டம் சான்றாகும். அரசுப் பணியில் சாலை ஆய்வாளராக இருந்த நேக்சந்த் என்பார், 1957 ஆம் ஆண்டு முதல், ஓய்வு வேளைகளில் உடைந்த ஓடு, பீங்கான், வளையற்றுண்டு முதலியவற்றைத் திரட்டிப் பிறர் அறியாவண்ணம் சிற்பங்கள் அமைத்து வந்தார். அது வெளிப்பட்டபோது அழிந்துபோகக் கூடிய நிலையும் நேர்ந்தது. எனினும் மக்கள் அதன் சிறப்பை உணர்ந்தனர். 1976 ஆம் ஆண்டு அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பிறர் குப்பை என்று ஒதுக்கியவற்றால் ஒருவர் ஓர் ஊருக்கே புகழ் தேடித் தந்தார்.

மரம் என்றும் நிலைப்பதன்று. எத்துணைப் பேணினும், ஈரமும் வெயிலும் மாறிமாறித் தாக்க, மண் நிறைந்த பலகை சில ஆண்டுகளில் இற்றுப்போதல் இயற்கை. வண்ணமும் பசையும் படாத அப்பலகையைத் துண்டாக்கி எருக்குழியில் இட்டால், அதுவும் காலப்போக்கில் மக்கி உரமாகி வேறொரு செடியை வளர்க்கும். மண்ணில் தோன்றிய மரம் மண்ணையே சேர்வதற்கு இது நேரிய வழி. மயிலாப்பூர் வீட்டில் அடுத்த போகி வந்தபோது, சிறுவன் எரிப்பதற்கு எதனையும் தேடவில்லை. விடியற்காலையில் மாடிக்குச் சென்று, தன் பாட்டியாரின் தகப்பனார் கொடுத்த இழுப்பறையிலிருந்து பொங்கலுக்கு வேண்டிய அவரைக்காயைப் பறித்து வந்தான்.