பாஸைக் கடைசியில் வாங்கு

அபுதாபியில் சுற்றுலா வழிகாட்டியாக வேலை தொடங்கியிருக்கும் ஊர்த் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

யாஸ் தீவில் குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு போகும் வேலை கிடைத்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். வாசித்தவுடன் மனம் நிறைந்தது. நம் வீரமுனையிலும் பக்கத்துச் சம்மாந்துறை, நிந்தவூர், கல்முனையிலும் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத தெரு இல்லை. அவர்களில் ஒருவர் பல வருடம் காசு சேர்த்து, உம்மாவையும் மனைவி பிள்ளைகளையும் விசிட் விசாவில் ஒரு மாதத்துக்கு எடுக்கிறார். அந்த மாதத்தில் அவருக்குக் கிடைக்கும் லீவு நாட்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். அதில் ஒன்றை உன்னிடம் தருகிறார். அதனால்தான் இந்த வேலையை நான் சின்ன வேலையாக நினைப்பதில்லை.

பக்கத்துப் பக்கத்து இரண்டு பார்க்குகளை ஒரே நாளில் காட்டுவதென்றால் வரிசையைச் சுருக்கும் குயிக் பாஸை எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்டிருந்தாய். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாஸைக் கடைசியில் வாங்கு. முதலில் ஆட்களைப் பார். பிறகு நாளைப் பார். பிறகு வரிசையைப் பார். எல்லாம் பார்த்த பிறகும் தேவை என்று பட்டால் மட்டும் காசைக் கொடு.

பாஸ் என்ற பெயரில் இரண்டு வேறு சரக்குகள் விற்பனையாகின்றன. அதை நீ தெளிவாகப் பிரித்து அறியவேண்டும். ஒன்று நேரம் குறித்துத் தருவது. கல்முனையில் டொக்டருக்குச் சனல் பண்ணும்போது காலையில் நம்பர் எடுத்துவிட்டு, சந்தைக்குப் போய் மீன் வாங்கி, நம்பர் கிட்டும் நேரத்துக்குத் திரும்பி வருவோமே, அதே முறைதான். டிஸ்னி 1999இல் புளோரிடாவில் தொடங்கிய ஃபாஸ்ட்பாஸ் இந்த வகை. நுழைவு டிக்கட்டை இயந்திரத்தில் போட்டால் ஒரு துண்டு வரும். அதில் ஒரு மணி நேர இடைவெளி அச்சிட்டிருக்கும். அந்த இடைவெளிக்குள் வந்தால் குறுகிய வரிசை. தனிக் காசு இல்லை. அடுத்த துண்டு எத்தனை மணிக்கு எடுக்கலாம் என்பதும் அதிலேயே இருக்கும்.

கலிஃபோர்னியாவின் அனஹைமில் 1955இல் திறந்த டிஸ்னிலேண்டும் 2001இல் திறந்த கலிஃபோர்னியா அட்வென்ச்சரும் எதிர் எதிர் வாசல். இடையில் ஒரு முற்றம் மட்டும். அந்தக் காலத்தில் இரண்டு பார்க்கின் இயந்திரங்களும் தனித்தனியாக இயங்கின. ஒன்றில் துண்டு எடுத்தது மற்றதுக்குத் தெரியாது. ஆகவே இரண்டுக்கும் போகும் டிக்கட் வைத்திருந்தவர் இங்கே ஒரு துண்டு எடுத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்து அங்கே இன்னொன்று எடுத்தார். ஒரு பார்க்கில் நேரம் வரும்வரை மற்றப் பார்க்கில் ஏறி இறங்கினார். பக்கத்துப் பார்க்குகளை வைத்து ஆடக்கூடிய உண்மையான தந்திரம் அதுதான். 2017இல் போனில் எடுக்கும் மாக்ஸ்பாஸ் வந்தது, ஆளுக்கு நாளைக்கு 10 டொலர். இன்று அங்கே விற்பது லைட்னிங் லேன், முழுக்கக் காசுக்கு. இலவசத் துண்டின் காலம் முடிந்துவிட்டது. பாரிஸ் டிஸ்னியிலும் 2021இல் அப்படியே ஆயிற்று. பிரான்சில் இருக்கும் நம் சொந்தக்காரர் பழைய ஞாபகத்தில் யோசனை சொன்னால் அதை அப்படியே எடுக்காதே.

மற்ற வகை, நீ விற்கப்போகும் வகை, நேரம் குறிக்காதது. காசு கொடுத்தால் தனி வாசல், எப்போது வேண்டுமானாலும் போகலாம். இதில் முன்பதிவும் இல்லை, காத்திருக்கும் நேரத்தில் வேறு வேலை பார்க்கும் வசதியும் இல்லை. இருக்கை ஒன்றும் கூடுவதில்லை. உன் ஆட்கள் முன்னே போகும் அளவுக்குச் சாதாரண வரிசையில் நிற்பவர் பின்னே போகிறார். வரிசை நீளமாக இருக்கும் நேரத்தில் மட்டுமே இதற்குப் பெறுமதி உண்டு. திறந்த முதல் ஒரு மணி நேரத்தில் இந்தப் பாஸ் வெறும் காகிதம்.

இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் இரண்டு பார்க் நாளின் கணக்குத் தானாக விழும். காலையில் முதல் பார்க்குக்குப் பாஸ் வேண்டாம், வாசல் திறக்கும்போது நீங்கள் அங்கே நின்றால் போதும். பாஸ் தேவைப்படுமென்றால் அது மதியத்துக்குப் பிறகு போகும் இரண்டாவது பார்க்குக்குத்தான். ஆகவே எது முதல், எது இரண்டாவது என்பதே உன் உண்மையான தீர்மானம். யாஸில் ஃபெராரி வேர்ல்டும் (2010) வார்னர் பிரதர்ஸ் வேர்ல்டும் (2018) கிட்டக் கிட்ட இருக்கின்றன. ஃபெராரியில் கூட்டம் பரவி நிற்காது. ஃபார்முலா ரோஸா, ஃபிளையிங் ஏசஸ் என்ற இரண்டு கோஸ்டர்களில் குவியும். அவற்றின் தண்டவாளங்கள் கூரைக்கு வெளியே ஓடுவதால் காற்றும் மணலும் எழுந்தால் நிறுத்திவிடுவார்கள். வார்னர் முழுக்கக் கூரைக்குள். கோதம் சிட்டியில் இருந்து பெட்ராக் வரை கூட்டம் பிரிந்து நிற்கும், குளிரூட்டி உண்டு, சின்னப் பிள்ளைகளுக்கு அங்கேதான் சந்தோஷம். எனவே காலையில் ஃபெராரி, வாசலில் இருந்து நேரே ரோஸாவுக்கு. மதியச் சாப்பாடும் லுஹர் தொழுகையும் முடித்து வார்னர். இப்படி வைத்தால் சாதாரண நாளில் இரண்டிலும் பாஸ் தேவைப்படாமலே நாள் முடியும். மாறி வைத்தால், வரிசை அதிகமாகக் குவியும் பார்க்குக்குக் குவியும் நேரத்தில் போய், ஆளாளுக்குப் பாஸ் வாங்கவேண்டி வரும்.

வாசல் பலகையில் போட்டிருக்கும் நிமிடங்களை மட்டும் நம்பாதே, நீயே எண்ணு. இரண்டு வரிசையும் சேரும் இடத்தில் ஒரு ஊழியர் நிற்பார். அவர் எந்தப் பக்கத்தில் இருந்து எத்தனை பேரை விடுகிறார் என்று சில வண்டிகள் போகும்வரை பார். ரோஸாவின் ஒரு வண்டியில் 16 பேர். இரண்டு நிமிடத்துக்கு ஒரு வண்டி போகிறதென்று வை, மணிக்கு 480 பேர். பாதி இருக்கை பாஸ்காரருக்குப் போனால் மிஞ்சுவது 240. உனக்கு முன்னால் 120 பேர் நின்றால் அரை மணி நேரம். அந்த அரை மணியை மிச்சப்படுத்தக் குடும்பத்தைக் கூட்டிவந்தவர் ஒரு நாள் சம்பளத்தைக் கொடுக்கவேண்டுமா என்பது அப்போது உனக்கும் விளங்கும், அவருக்கும் விளங்கும்.

ஆட்களைப் பார் என்று சொன்னேன். அதில்தான் அதிகக் காசு வீணாகிறது. பாஸ் குடும்பத்துக்கு அல்ல, தலைக்கு. ஆறு பேர் குடும்பத்தில் ரோஸாவில் ஏறக்கூடியவர் இரண்டு பேராக இருக்கலாம். மணிக்கு 240 கிலோமீட்டர் வேகம், திறந்தபோது உலகில் அதைவிட வேகமான கோஸ்டர் இல்லை. கண்ணுக்குக் கண்ணாடி தந்துதான் ஏற்றுகிறார்கள். முழங்கால் வலிக்கார உம்மாவுக்கும் நான்கு வயதுப் பிள்ளைக்கும் அதற்குப் பாஸ் எதற்கு? குடும்பம் கட்டுநாயக்கவில் விமானம் ஏறுமுன்னே பிள்ளைகளின் உயரத்தை அளந்து அனுப்பச் சொல். செருப்பைக் கழற்றி, சுவரோடு நிறுத்தி, சென்டிமீட்டரில். ரைட் வாசலில் கோலுக்குக் கீழே தலை நின்றுவிட்டால் எந்தப் பாஸும் உதவாது, பிள்ளையின் அழுகைதான் மிஞ்சும். ஒரு பெற்றோர் ஏறும்போது மற்றவர் பிள்ளையோடு நின்று, பிறகு வரிசை இல்லாமல் மாறி ஏறும் ஒழுங்கு பல பார்க்குகளில் உண்டு. அது இலவசம். வாசலில் கேட்டால்தான் தருவார்கள், நீ கேள்.

முக்காட்டு விஷயமும் உன் பொறுப்பு. வேகமான ரைட்டில் தளர்ந்த துணியோடு விடமாட்டார்கள், உள்ளே செருகி இறுக்கிக் கட்டவேண்டும். அதை ஏறும் இடத்தில், நாலு பேர் பார்க்க, முன்பின் தெரியாத ஓர் ஊழியர் சொல்லிக் கேட்பது ஒரு ராத்தாவுக்கு எவ்வளவு சங்கடம் என்று யோசி. காலையில் வேனிலேயே அவர் கணவரிடம் அமைதியாகச் சொல்லிவிடு.

நாளைப் பற்றி. 2022 ஜனவரியில் இருந்து எமிரேட்ஸ் அரசாங்கத்தின் வார இறுதி சனி, ஞாயிறு. வெள்ளி அரை நாள். பழைய ஆட்கள் இன்னும் வெள்ளியைத்தான் கூட்ட நாளாக நினைக்கிறார்கள். ஆனால் நம்மவர் பலருக்குக் கம்பெனி லீவு ஞாயிறுதான், அன்று மற்றவர்களுக்கும் லீவு. லீவை ஒரு கிழமை நாளுக்கு மாற்ற முடியுமா என்று குடும்பத்தைக் கூட்டிவருபவரிடம் கேட்டுப் பார். அந்த ஒரு மாற்றம் எந்தப் பாஸையும் விடப் பலன் தரும். நோன்பு மாதத்தில் திறக்கும் நேரத்தை முதல் நாளே உறுதிப்படுத்து. நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள், டிசம்பர் தொடக்கத்து தேசிய தின லீவு ஆகியவற்றில் மட்டும் என் கணக்கு செல்லாது. அன்று ஃபெராரிக்குப் பாஸ் வாங்கத்தான் வேண்டும். ஏறக்கூடியவர்களுக்கு மட்டும், முன்கூட்டியே.

துபாய்க்குப் போனாலும் இதே யோசனைதான். துபாய் பார்க்ஸில் மோஷன்கேட்டும் லெகோலேண்டும் ஒரே வளாகத்தில். லெகோலேண்ட் 2 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கென்றே கட்டியது, பெரியவருக்குப் பாஸ் கேட்பதில் அர்த்தமில்லை. பக்கத்தில் இருந்த பாலிவுட் பார்க்ஸ் 2023இல் மூடப்பட்டுவிட்டது. இந்திப் படம் பார்த்து வளர்ந்த நம் அம்மாமார் அதைத்தான் முதலில் கேட்பார்கள். ஊரில் இருக்கும்போதே சொல்லிவிடு, வாசலில் வைத்துச் சொல்லாதே.

பாஸுக்குக் கமிஷன் உண்டென்று எழுதியிருந்தாய். அதைத் தவறென்று நான் சொல்லவில்லை, நீயும் வீட்டுக்குக் காசு அனுப்பவேண்டியவன். ஆனால் தேவையில்லாத ஐந்து பாஸை ஒரு குடும்பத்துக்கு விற்றால், அந்தச் செய்தி சம்மாந்துறைக்கு நீ விடுமுறையில் வருமுன்னே வந்து சேர்ந்திருக்கும். தேவையில்லை என்று நீ சொன்னதும் அதே வேகத்தில் வரும். அடுத்த குடும்பம் உன் பெயரைக் கேட்டுத்தான் போன் எடுக்கும்.

வரும் ஞாயிறு நீ கூட்டிப்போகும் எட்டுப் பேருக்கு இப்படிச் செய். இரண்டு பார்க்குக்குமான டிக்கட்டை முதல் நாள் இரவே எடு. ஃபெராரியில் ஏறக்கூடிய மூவரை வாசல் திறந்தவுடன் ரோஸாவுக்கு அனுப்பிவிட்டு, மற்றவர்களை நீயே உள்ளே கூட்டிப்போ. லுஹருக்குப் பிறகு வார்னர். பாஸுக்கென்று குடும்பத் தலைவர் ஒதுக்கிய காசை நீ வாங்காதே, அவர் கையிலேயே இருக்கட்டும். மூன்று மணிக்கு கோதம் சிட்டி வரிசையை எண்ணிப் பார்த்து நிமிடத்தை அவரிடம் சொல், வாங்குவதா இல்லையா என்று அவர் சொல்லட்டும்.

அன்புடன்,
உன் ஊர் அண்ணன்
வீரமுனை