ராஜபார்ட் யாருக்கு?

அன்புத் தம்பிக்கு,

மதுரைப் பள்ளிகளிலும் மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்களிலும் பிள்ளைகளைக் கொண்டு நாடகம் போடும் வேலையில் இறங்கியிருக்கிறாய். ஒதுங்கி நிற்கும் பிள்ளைக்கு முக்கிய வேடத்தைக் கொடுத்துவிட்டால் மற்றவர்கள் அவனை மதிக்கத் தொடங்கிவிடுவார்கள் என்று நம்புகிறாய். நோக்கம் நல்லதுதான். ஆனால் நாம் கொடுக்கும் இடத்தால் ஒரு பிள்ளைக்குச் சகபிள்ளைகளிடம் செல்வாக்கு வந்துவிடாது. இவன் இருந்தால் நம் விளையாட்டு நன்றாக நடக்கும், நம் வேலை எளிதாகும் என்று அவர்களுக்கே தோன்ற வேண்டும்.

இதற்குச் சான்று தேட நீ தொலைவு போக வேண்டியதில்லை. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை என்ற சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கியது இதே மதுரையில்தான். டி.கே.எஸ். சகோதரர்கள் அதில் சேர்ந்தபோது அவர்களில் ஒருவரான சண்முகத்துக்கு ஆறு வயது. அந்தச் சிறுவனுக்காகவே சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகம் அறிந்த செய்தி. வாத்தியார் நினைத்தால் ஒரு பிள்ளையை மேடையில் எவ்வளவு உயர்த்தலாம் என்பதற்கு இது போதும். ஆனால் இப்படிச் சிறுவர்களே நடித்த பாய்ஸ் கம்பெனிகளில் அந்த உயரத்துக்கு ஒரு கெடு இருந்தது. மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும் ராஜபார்ட் எனும் கதாநாயக வேடமும் ஸ்திரீபார்ட் எனும் பெண் வேடமும் அடுத்த பையனுக்குப் போய்விடும். வேடத்தை மட்டும் நம்பியிருந்தவனுக்கு அதன்பின் பிடிமானம் கிடையாது. எல்லார் பாடத்தையும் கேட்டுக் கேட்டு மனத்தில் ஏற்றியிருந்தவனின் நிலை வேறு. ஒருவன் காய்ச்சலில் படுத்தால் அவன் இடத்தில் போய் நிற்பான். புதிதாக வந்தவனுக்கு வசனம் சொல்லிக் கொடுப்பான். பாட்டில் அடி மறந்தவனுக்குப் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுப்பான். அவன் குரல் உடைந்தாலும் கூட்டத்துக்கு அவன் வேண்டியவன். 1925இல் டி.கே.எஸ். சகோதரர்கள் தங்களுக்கென்று சபை தொடங்கியபோது, மேடையில் பெற்ற புகழோடு இப்படிச் சேர்த்துவைத்த பாடமும் பழக்கமும் அவர்களுக்குக் கைகொடுத்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

அந்தக் கம்பெனிகளில் அடியும் கட்டுக்காவலும் இருந்தன, பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகள் ஏங்கினார்கள், அவற்றை முன்மாதிரியாகக் காட்டலாமா என்று நீ கேட்பாய். கூடாது. அந்த முறை ஒழிந்தது நல்லதே. ஆனால் இரவும் பகலும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த பிள்ளைகளிடையே மதிப்பு எப்படி உருவாகிறது, எப்படிக் கைமாறுகிறது என்பதை அறிய அவற்றைவிடத் தெளிவான சான்று நம்மிடம் இல்லை.

ஹங்கேரிய உளவியலாளர் ஃபெரென்ட்ஸ் மெரேய் 1949இல் வெளியிட்ட ஆய்வும் இங்கே பொருந்தும். சிறு பிள்ளைகளைக் குழுக்களாகச் சேர்ந்து விளையாடவிட்டார். யார் எங்கே உட்காருவது, எந்தப் பொம்மை யாருடையது, எதற்குப் பின் எந்த விளையாட்டு என்று ஒவ்வொரு குழுவுக்கும் தனி வழக்கங்கள் பிறந்தன. அதன்பிறகு, வேறிடத்தில் தலைவனாகத் தெரிந்த, வயதில் மூத்த ஒரு பிள்ளையை உள்ளே அனுப்பினார். அவன் அதட்டியும் குழு தன் வழக்கத்தை விடவில்லை. அவன்தான் அதற்குப் பணிய வேண்டியிருந்தது. இப்படி அனுப்பப்பட்ட மூத்த பிள்ளைகளில் சிலர், குழு எப்படியும் செய்யப்போவதையே கட்டளையாகச் சொல்லித் தலைமையைக் காத்துக்கொண்டார்கள். வேறு சிலர் முதலில் குழுவின் வழக்கத்தை ஏற்றுப் பழகி, பிறகு அதற்குள் சிறு மாற்றங்களைக் கொண்டுவந்தார்கள். நீ ஒதுங்கிய பிள்ளையைத் திடீரென்று நடுவில் நிறுத்தும்போது, மற்றவர்களின் வழக்கத்துக்குள் நுழைய அவனுக்கு வாய்ப்பே தராமல் தலைமையை மட்டும் கையில் திணிக்கிறாய். அந்தச் சுமை அவனை இன்னும் தனிமைப்படுத்தும்.

முரட்டுப் பிள்ளைக்கும் செல்வாக்கு இருக்கிறதே என்பது நியாயமான மறுப்பு. இருக்கிறது. ஆனால் எல்லாரும் பேசும் பிள்ளையும் எல்லாரும் விரும்பும் பிள்ளையும் ஒருவரே அல்லர். அமெரிக்காவில் 1982இல் கோய், டாட்ஜ், கோப்போடெல்லி ஆகியோர் பள்ளிப் பிள்ளைகளிடம், யாரை மிகவும் பிடிக்கும், யாரைப் பிடிக்காது என்று தனித்தனியே கேட்டார்கள். பலருக்குப் பிடித்தும் பலருக்குப் பிடிக்காமலும் இருக்கும் பிள்ளைகள் ஒரு தனி வகையாகவே தெரிந்தார்கள். பயத்தால் வரும் செல்வாக்கு முரடன் முன்னால் நிற்கும்வரைதான் செல்லும்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. நம் ஊரில் எந்தப் பிள்ளையின் சொல் எடுபடும் என்பதைப் பல இடங்களில் சாதியும் தெருவும் முன்பே முடிவு செய்துவிடுகின்றன. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் கையில் கட்டும் வழக்கம் வேரூன்றியதால்தான், நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரைச் சக மாணவர்கள் வெட்டிய கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் அவற்றைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. பிறப்பால் செல்வாக்குப் பெற்றுவரும் பிள்ளையின் முன், உதவும் குணமும் திறமையும் தாமாக வென்றுவிடும் என்று நான் சொல்லமாட்டேன். வகுப்பறையிலும் விளையாட்டுத் திடலிலும் பிள்ளைகள் அந்தச் சாதிக் கோட்டைத் தாண்டாமலேயே நாளைக் கழித்துவிட முடியும். நாடகத்தில் முடியாது. எதிரே நிற்பவன் தன் வசனத்தைச் சரியாக முடித்தால்தான் இவன் தன் வசனத்தைத் தொடங்க முடியும். ஒருவன் இன்னொருவனுக்குத் தேவைப்படும் நிலையை, எந்த உபதேசமும் இல்லாமல், ஒத்திகையே உண்டாக்குகிறது. உன் கலைக்குக் கிடைத்திருக்கும் இந்த வாய்ப்பை வீணாக்காதே.

ஆகவே முதல் சில நாட்கள் வேடம் பிரிக்காதே. அவர்கள் எப்படி விளையாடுகிறார்கள், சண்டை வந்தால் யாரிடம் தீர்ப்புக் கேட்கிறார்கள், யாரைக் கூப்பிட மறக்கிறார்கள் என்று பார். மறக்கப்படும் பிள்ளைக்கு, மற்றவர்கள் தேடிவந்து கேட்க வேண்டிய ஒரு வேலையைக் கொடு. எல்லார் வசனமும் தெரிந்தவனாக அவனை ஆக்கு. வேடங்களை மாற்றி மாற்றிப் பழக்கு. முக்கிய வேடத்தை எப்போதும் இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடு; அந்த இருவரும் வேறு வேறு தெருப் பிள்ளைகளாக இருக்கட்டும்.