வேத பாடம்: கூலிக்காரரின் கூலி

சபையில் வேலை செய்கிறவர்களின் மாதச் சம்பளத்தை நேரே அவர்களுடைய பாங்க் கணக்கில் போடுவதைப் பற்றி இந்த மாதம் தியானிப்போம். "இதிலே தியானிக்க என்ன இருக்கு பாஸ்டர்?" என்று கேட்பீர்கள். லேவியராகமம் 19:13-ஐ எடுத்து வாசியுங்கள். கூலி விடியும்வரைக்கும் நம்ம கையில் தங்கவே கூடாதாம்.

சிட்லபாக்கத்தில் நம் ஆலயத்தைப் பெருக்கும் சகோதரி செம்பாக்கத்திலிருந்து வருகிறவர். முன்பெல்லாம் மாத முதல் ஞாயிறு காணிக்கை எண்ணி முடிகிறமட்டும் வாசற்படியில் காத்திருப்பார். நான் கவரை நீட்டுவேன். ரெண்டு கையாலும் வாங்கி, "ஸ்தோத்திரம் ஐயா" என்பார், ஏதோ நான் தர்மம் கொடுத்ததுபோல! கூலி கிருபையல்ல, அது கடன் என்று ரோமர் 4:4-ல் பவுல் காட்டுகிறார். நீதிமானாக்கப்படுதலைப் பற்றிய பாடமாக அதைப் பைபிள் காலேஜ் பரீட்சையில் எழுதினவன் நான். வாசற்படியில் உட்கார்ந்திருந்த சகோதரிக்கும் அது பொருந்தும் என்று புரிய வெகு வருஷமாயிற்று.

ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் தொழிற்சாலைகளில் மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் கொடுக்கவேண்டும் என்று 1936-ம் வருஷச் சட்டமே சொன்னது. உலகத்தார் அதைச் செய்தார்களே, நாம்?

செய்யவேண்டியது பெரிய காரியமல்ல. பணம் சபையின் பெயரிலோ டிரஸ்டின் பெயரிலோ உள்ள கணக்கிலிருந்து போகட்டும், போதகருடைய சொந்தக் கணக்கிலிருந்து வேண்டாம். போதகர் கையெழுத்தோடு பொருளாளர் கையெழுத்தும் இருக்கட்டும். காணிக்கைப் பணத்தில் யாரும் குற்றம் காணாதபடி பவுல் எவ்வளவு எச்சரிக்கையாயிருந்தார் என்பதை 2 கொரிந்தியர் 8:20, 21-ல் பாருங்கள். சம்பளத் தொகையைக் கமிட்டியில் தீர்மானமாக எழுதிவிடுங்கள். ஞாயிறு காணிக்கையைத் திங்களே பாங்கில் கட்டிவிடுங்கள். கணக்கில் பணமில்லாவிட்டால் எந்த ஏற்பாடும் நடக்காது.

வேலைக்காரரிடம் பாஸ்புக் முதல் பக்கத்தின் ஜெராக்ஸ் வாங்குங்கள். கணக்கு இல்லாதவர்களுக்கு 2014-ல் தொடங்கின ஜன்தன் திட்டத்தில் மினிமம் பாலன்ஸ் இல்லாமலே கணக்கு திறக்கலாம். ஆனால் ஒன்று: கணக்கு அவர்களுடையதாகவே இருக்கட்டும். "என் வீட்டுக்காரர் கணக்கில் போட்டுடுங்க ஐயா" என்று அந்தச் சகோதரி சொன்னபோது நான் சரியென்று தலையாட்டிவிட்டேன். ரெண்டு மாதம் அந்தப் பணம் வீட்டுக்குப் போகவில்லை. எங்கே போனதென்று நான் எழுதவேண்டியதில்லை. அவர் பெருக்கினார், கூலி வேறொருவருக்குப் போனது. குற்றம் என்னுடையதே. பிறகு அவர் பெயரிலேயே கணக்கு திறந்து, ஏடிஎம் கார்டைப் பயன்படுத்த என் மனைவி கூடப்போய்ச் சொல்லிக்கொடுத்தாள். ரகசிய எண்ணை எங்களிடமும் சொல்லாதே என்றோம்.

நெஃப்ட் முறையில் அனுப்பலாம். 2019 டிசம்பர் முதல் ஞாயிறு, பண்டிகை என்று பாராமல் இரவும் பகலும் நடக்கிறது. ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் 11 எழுத்துகள். ஐந்தாவது பூஜ்யம், அதை ஆங்கில 'ஓ' என்று எழுதிவிடாதிருங்கள். நெட் பாங்கிங்கில் அனுப்புமுன் கணக்கு எண்ணுக்குரிய பெயரைக் காட்டும் வசதி 2025 ஏப்ரலிலிருந்து வந்திருக்கிறது. பெயர் ஒத்திருக்கிறதா என்று பார்த்து, முதல் தடவை ஒரு ரூபாய் மட்டும் அனுப்பி, வந்ததா என்று அவர்களிடமே கேட்டுவிட்டு மீதியை அனுப்புங்கள். எவ்வளவு சம்பளம், என்ன பிடித்தம் என்று ஒரு துண்டுச் சீட்டும் கையில் கொடுங்கள். பிள்ளைக்குப் படிப்புக் கடன் கேட்டுப் போகும்போது அந்தச் சீட்டைக் கேட்பார்கள்.