நாடகத் தலைமையாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள்

‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’ ஆகிய இசை நாடகங்களை இயற்றியவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். இவர் 1867ஆம் ஆண்டு தூத்துக்குடி வட்டாரத்திலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். தொடக்கத்தில் யமன், சனீஸ்வரன் போன்ற வேடங்களில் நடித்தார். பின்னர், நாடகம் எழுதுவதையும் பயிற்றுவிப்பதையுமே தம் பணியாகக் கொண்டார்.

அக்கால மேடையில் பாடல்களே கதையை நடத்திச் சென்றன. ஆனால், வளர்ந்த நடிகர் சிலர் கட்டுப்பாடின்றித் தம் விருப்பம்போல் பாடினர், பேசினர். இதனால் நாடகத்தின் பொருள் சிதைந்தது. எனவே, சுவாமிகள் சிறுவர்களைத் திரட்டி, 1918ஆம் ஆண்டு மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பாடலைப் பொருளுணர்ந்து, பிழையின்றிப் பாட அவர்களைப் பழக்கினார்.

அச்சிறுவர்களுள் ஒருவரே பின்னாளில் புகழ்பெற்ற அவ்வை தி.க. சண்முகம். அவர் நடிப்பதற்காக ‘அபிமன்யு’ நாடகத்தைப் பாடல்களுடன் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார்.

இறுதிக் காலத்தில் பக்கவாதம் அவரது பேச்சைப் பறித்தது. 1922ஆம் ஆண்டு அவர் புதுச்சேரியில் மறைந்தார். ஆசிரியரின் குரல் அடங்கியது. அவர் எழுதிய பாடல்களோ மாணவர்களின் குரலில் மேடைதோறும் தொடர்ந்து ஒலித்தன.