வீடு திரும்பும் ட்ரோன்: பொத்தானை நம்பும் முன் அறிய வேண்டியவை



நிக்காஹ் மண்டபம், பள்ளி ஆண்டு விழா, பெருநாள் திடல் என்று இப்போது ட்ரோன் பறக்காத நிகழ்ச்சி குறைவு. பொழுதுபோக்காக ட்ரோன் பறக்கவிடும் பிள்ளைகளும் நம் தெருக்களில் பெருகி வருகிறார்கள். கற்றுக்கொள்ள வேண்டிய நல்ல கலைதான். ஆனால் வாங்கியவுடன் பலர் சொல்லும் ஒரு வார்த்தை கவலை தருகிறது: "பயமில்லை, ஒரு பொத்தானை அழுத்தினால் அதுவே வீட்டுக்கு வந்துவிடும்."

அந்தப் பொத்தானின் பெயர் 'ரிட்டர்ன் டு ஹோம்', சுருக்கமாக ஆர்.டி.எச். அது நல்ல வசதிதான். ஆனால் நாம் முன்கூட்டிச் சொல்லி வைத்ததை மட்டுமே அது செய்யும். தவறாகச் சொல்லி வைத்தால் தவறாமல் தவறான இடத்துக்கே போய்ச் சேரும். கூட்டத்தின் தலைக்கு மேல் சுழலும் விசிறிகள் கொண்ட ஒரு கருவி அப்படிப் போனால் விளைவு என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே அது எப்படி வேலை செய்கிறது என்பதை இந்தப் பாடத்தில் படிப்படியாகப் பார்ப்போம்.

1. ட்ரோன் தன் இடத்தை எப்படி அறிகிறது?

பூமியிலிருந்து ஏறக்குறைய 20,200 கி.மீ. உயரத்தில் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றும் நேரத்தைச் சொல்லும் சிக்னலை இடைவிடாமல் அனுப்புகிறது. சிக்னல் வந்து சேர எடுத்த நேரத்தைக் கொண்டு, அந்தச் செயற்கைக்கோள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ட்ரோன் கணக்கிடுகிறது. இடத்தையும் உயரத்தையும் நேரத்தையும் சேர்த்துக் கண்டுபிடிக்கக் குறைந்தது 4 செயற்கைக்கோள்கள் தேவை. நம்பிப் பறக்கவிட அதைவிடக் கூடுதலாக வேண்டும். எத்தனை வேண்டும் என்பது உங்கள் ட்ரோனின் கையேட்டில் இருக்கும்.

திறந்த வெளியில் இந்தக் கணக்கு சில மீட்டர் துல்லியத்துடன் இருக்கும். உயர்ந்த கட்டடங்களுக்கு இடையிலோ சிக்னல் சுவர்களில் பட்டுத் திரும்பி வருவதால் கணக்கு பிசகும். மண்டபத்துக்குள் பெரும்பாலும் சிக்னலே கிடைக்காது. ஜி.பி.எஸ். பிடி விட்டுப்போனால், கீழ்நோக்கிய கேமரா போன்ற வேறு துணை இல்லாத ட்ரோன் ஓரிடத்தில் நிற்காது. காற்று தள்ளும் பக்கம் நகரும். அப்போது ரிமோட்டைப் பிடித்திருப்பவர்தான் கையால் நிறுத்த வேண்டும்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. விலை குறைந்த பொம்மை ட்ரோன்கள் பலவற்றில் ஜி.பி.எஸ். இருக்காது, ஆனால் 'திரும்பி வா' என்ற பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால், கிளம்பியபோது எந்தத் திசையைப் பார்த்து நின்றதோ அதற்குப் பின்பக்கமாக அது நகரும், அவ்வளவுதான். பிள்ளை எங்கே நிற்கிறான் என்பது அதற்குத் தெரியாது.

2. 'வீடு' என்பது எது?

ட்ரோன் கிளம்பும் நேரத்தில் ஜி.பி.எஸ். நன்றாகப் பிடித்திருந்தால், அந்த இடத்தை 'ஹோம் பாயிண்ட்' என்று பதிவு செய்துகொள்ளும். வீடு என்று அது நினைப்பது அந்தப் புள்ளியைத்தான். ரிமோட்டோடு நீங்கள் நடந்து வேறு இடத்துக்குப் போனாலும், நீங்களாக மாற்றாத வரை அது பழைய புள்ளிக்கே திரும்பும். படகில் இருந்து கிளப்பிய ட்ரோன், படகு நகர்ந்த பிறகு தண்ணீரில் இறங்குவது இதனால்தான்.

அவசரப்பட்டுப் பிடி கிடைக்கும் முன்பே கிளப்பினால், பறந்துகொண்டிருக்கும்போது எங்கே பிடி கிடைக்கிறதோ அந்த இடமே வீடாகப் பதிவாகலாம். அது பக்கத்து வீட்டு ஓட்டுக் கூரையாகவும் இருக்கலாம், மின் கம்பியாகவும் இருக்கலாம். எனவே 'ஹோம் பாயிண்ட் பதிவாகிவிட்டது' என்ற செய்தி திரையில் வரும் வரை தரையிலேயே காத்திருங்கள். வரைபடத்தில் அந்தப் புள்ளி சரியான இடத்தில் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

சில மீட்டர் பிசகு எப்போதும் இருக்கும் என்பதால், குறுகிய மொட்டை மாடியில் தானாக இறங்க விடாதீர்கள். கைப்பிடிச் சுவரில் மோதி விழ அந்தச் சில மீட்டரே போதும். அருகில் வந்ததும் தானியங்கியை ரத்து செய்து கையால் இறக்குவதே நல்லது.

3. திரும்பும் உயரம்

பொதுவாக ஆர்.டி.எச். மூன்று காரணங்களால் தொடங்கும்: நீங்கள் பொத்தானை அழுத்தினால், ரிமோட் சிக்னல் அறுந்தால், அல்லது பேட்டரி குறைந்தால். தொடங்கியதும் பெரும்பாலான ட்ரோன்கள் முன்பே குறித்து வைத்த உயரத்துக்கு ஏறி, வீட்டை நோக்கி நேர்கோட்டில் வந்து, புள்ளிக்கு மேல் நின்று இறங்கும்.

அந்த நேர்கோட்டில் எது நிற்கிறது என்பதே கேள்வி. பறக்கவிடும் முன் சுற்றிலும் பார்த்து எல்லாவற்றிலும் உயரமானதைக் கண்டுபிடியுங்கள். பள்ளிவாசல் மினாராவோ, செல்போன் கோபுரமோ, தென்னை மரமோ, தண்ணீர்த் தொட்டியோ எதுவாகவும் இருக்கலாம். அது 25 மீட்டர் என்றால் திரும்பும் உயரத்தை 35 அல்லது 40 மீட்டராக வையுங்கள்.

இந்த உயரம் கிளம்பிய இடத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. மலையடிவாரத்தில் நின்று 40 மீட்டர் என்று வைத்துவிட்டு, 60 மீட்டர் குன்றுக்கு அப்பால் அனுப்பினால், திரும்பும்போது அது குன்றில்தான் மோதும். தடையை உணரும் கண்கள் சில ட்ரோன்களில் உண்டு. ஆனால் இருட்டிலும், மெல்லிய கம்பிகளிடமும், கண்ணாடிச் சுவர்களிடமும் அவை ஏமாந்துபோகும்.

மண்டபத்துக்குள்ளோ மரக்கிளைகளுக்குக் கீழோ பறக்கவிடும்போது, சிக்னல் அறுந்தவுடன் உயர ஏறுவதே ஆபத்து. அங்கே 'சிக்னல் போனால் அப்படியே நில்' அல்லது 'அங்கேயே இறங்கு' என்று அமைப்பை மாற்றிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் பழையபடி மாற்ற மறவாதீர்கள்.

4. காற்றும் பேட்டரியும்

ஒரு சிறு கணக்கு. உங்கள் ட்ரோன் விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பறக்கிறது. காற்று விநாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் வீசுகிறது. காற்றோடு 600 மீட்டர் போக 35 விநாடி போதும். அதே தூரம் எதிர்க்காற்றில் திரும்ப, விநாடிக்கு 3 மீட்டர் வீதம் 200 விநாடி ஆகும். போக ஆன நேரத்தைப்போல் ஐந்து மடங்குக்கு மேல்! மேலும், உயரம் கூடக்கூடக் காற்றும் பொதுவாகப் பலமாகும்.

எனவே முதலில் காற்றை எதிர்த்துப் போங்கள். திரும்பும்போது காற்று துணையாக வரும். பேட்டரி எச்சரிக்கை வரும் வரை காத்திராமல், பாதி குறையும்போதே திரும்பிவிடுங்கள்.

5. திசைகாட்டி

ஜி.பி.எஸ். இடத்தைச் சொல்லும், ட்ரோனின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைச் சொல்வது அதனுள் இருக்கும் காம்பஸ். அதைக் காந்தமும் இரும்பும் ஏமாற்றும். கம்பி கட்டிய கான்கிரீட் தளம், தகரக் கூரை, கார் பானட் ஆகியவற்றின் மேல் வைத்துக் கிளப்பாதீர்கள். காம்பஸ் பிசகினால், நகர்வைத் திருத்தப் பார்த்துத் தவறான பக்கம் நகர்ந்து, வட்டம் பெரிதாகிக்கொண்டே ட்ரோன் சுழலும். அந்நிலையில் ஆர்.டி.எச். உதவாது. ஜி.பி.எஸ். துணையில்லாத முறை உங்கள் ட்ரோனில் இருந்தால் அதற்கு மாற்றி, கையால் ஓட்டி உடனே இறக்குங்கள்.

6. நியூயார்க்கில் நடந்தது

2017 செப்டம்பர் 21. நியூயார்க் நகரில் சூரியன் மறைந்த வேளை. ஒருவர் பொழுதுபோக்காகத் தம் ட்ரோனைக் கடலுக்கு மேல் கண்ணுக்கெட்டாத தூரம், சுமார் 4 கி.மீ., அனுப்பியிருந்தார். பிறகு ஆர்.டி.எச். பொத்தானை அழுத்தினார். ட்ரோன் சொன்னபடி திரும்பியது. அதே பாதையில் அமெரிக்க ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் ஒன்று சுமார் 300 அடி உயரத்தில் வந்துகொண்டிருந்தது. இரண்டும் மோதின.

ஹெலிகாப்டரின் சுழல் இறக்கையில் ஒன்றரை அங்குலப் பள்ளம் விழுந்தது. நல்லவேளையாக அது பத்திரமாகத் தரையிறங்கியது; யாருக்கும் காயமில்லை. ட்ரோனை அனுப்பியவரோ வெகுநேரம் காத்திருந்துவிட்டு, தண்ணீரில் விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். ஹெலிகாப்டரில் சிக்கிய பாகத்தைக் கொண்டு புலனாய்வாளர்கள் அவரைத் தேடி வந்த பிறகே நடந்தது அவருக்குத் தெரிந்தது. அன்று அப்பகுதியில் தற்காலிகப் பறக்கும் தடை இருந்ததும் அவருக்குத் தெரியவில்லை.

இங்கே கருவி பழுதாகவில்லை. பொத்தான் தன் வேலையைச் சரியாகவே செய்தது. பாதையில் யார் வருகிறார்கள் என்று பார்க்கும் கண் மட்டும் அங்கே இல்லை. ஆர்.டி.எச். வழி மட்டுமே அறியும். வழியில் வருபவரைப் பார்ப்பது நம் பொறுப்பு.

7. நம் நாட்டுச் சட்டம்

இந்தியாவில் 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் நடைமுறையில் உள்ளன. வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரிக்கப்பட்டுள்ளது. பச்சைப் பகுதியில் பொதுவாக 400 அடி, அதாவது சுமார் 120 மீட்டர் வரை பறக்கவிடலாம். மஞ்சளிலும் சிவப்பிலும் அனுமதி வேண்டும். அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் ஊர் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பும் உயரத்தையும் இந்த வரம்புக்குள்ளேயே வையுங்கள்.

வளைகுடாவில் இருக்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை: 2022 பிப்ரவரி முதல், ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற சில விலக்குகள் தவிர, வெளிநாட்டு ட்ரோன்களை இந்தியாவுக்குள் இறக்குமதி செய்யத் தடை உள்ளது. பிள்ளைக்குப் பரிசு வாங்கும் முன் இதை நினைவில் வையுங்கள்.

8. ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டியவை

• பேட்டரி, விசிறிகள், காற்று ஆகியவற்றைப் பாருங்கள்.
• போதுமான செயற்கைக்கோள்கள் கிடைத்து, ஹோம் பாயிண்ட் பதிவாகும் வரை காத்திருங்கள்.
• உயரமான தடையைப் பார்த்துத் திரும்பும் உயரத்தைக் குறியுங்கள்.
• சிக்னல் போனால் என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பைச் சரிபாருங்கள்.
• ஆர்.டி.எச்.ஐ ரத்து செய்யும் பொத்தான் எது என்று விரலுக்குப் பழக்குங்கள்.
• ட்ரோனைக் கண்ணில் படும் தூரத்திலேயே வைத்திருங்கள்.
• கூட்டத்துக்கு மேலும், அண்டை வீட்டார் முற்றத்துக்கு மேலும் பறக்கவிடாதீர்கள்.

புதிதாக வாங்கியவர்கள் முதல் வாரத்தில் எந்த நிகழ்ச்சிக்கும் எடுத்துச் செல்ல வேண்டாம். ஆளில்லாத திடலில் 50 மீட்டர் தள்ளி நிறுத்தி, ஆர்.டி.எச். பொத்தானை அழுத்திப் பாருங்கள். அது எவ்வளவு உயரம் ஏறுகிறது, எந்த வழியாக வருகிறது, புள்ளியிலிருந்து எத்தனை அடி தள்ளி இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை பாதி வழியில் ரத்து செய்து கையால் இறக்கிப் பழகுங்கள். இவ்விரண்டும் கைவந்த பிறகு, பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு பறக்கவிடுங்கள். வானத்தை ஒருவர் பார்க்க, திரையை ஒருவர் பார்த்தால் இருவருக்கும் வேலை எளிது.