சென்னை சுற்றிப் பார்க்க "பாஸ்" எடுக்கலாமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்!



பரீட்சை முடிந்ததும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "அம்மா, மெட்ராஸ் எப்போ போறோம்?" என்பதுதான். நாமும் "போலாம், போலாம்" என்று சொல்லியே நாளைக் கடத்துவோம். கடைசியில் ஒருநாள் கிளம்பும்போது, "எல்லாரும் போனா செலவு தாங்காது, நீங்க போய்ட்டு வாங்க, நான் ஆடு மாட்டைப் பாத்துக்கறேன்" என்று வீட்டில் நின்றுவிடுவது யார்? நாம்தான்!

அப்படி நிற்கத் தேவையில்லை என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதே இந்த மாதப் பாடம். குழுவில் கடன் கேட்டால் "எதுக்கு, எவ்வளவு, எப்படிக் கட்டுவே?" என்று கேட்கிறோம் அல்லவா? அதே மூன்று கேள்வியை ஊர் சுற்றும் செலவிலும் கேட்போம்.

பாஸ் என்றால் என்ன?

ஒரு தொகையை முதலிலேயே கட்டிவிட்டு, குறிப்பிட்ட நாள்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் போய்வருவதுதான் பாஸ். மாநகரப் பேருந்தில் ஒரு காலத்தில் 50 ரூபாய்க்கு ஒருநாள் பாஸ் இருந்தது. 2018-ல் கட்டணம் உயர்ந்தபோது அதை நிறுத்திவிட்டார்கள். 1000 ரூபாய் மாதப் பாஸ் உண்டு. அது தினமும் வேலைக்குப் போய்வருகிறவருக்கு. மாதம் 25 நாள் போனால் நாளுக்கு 40 ரூபாய் ஆகிறது, அவருக்கு லாபம். ஒருநாள் சுற்ற வரும் நமக்கு அது எதற்கு?

மெட்ரோ ரயிலில் 100 ரூபாய்க்கு ஒருநாள் சுற்றுலா அட்டை கொண்டுவந்தார்கள். அதோடு முன்பணம் 50 ரூபாய். அட்டையைத் திருப்பிக் கொடுத்தால்தான் அந்த 50 கைக்கு வரும். இந்த அட்டையையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். நாளைக்கு விலை மாறினாலும் கணக்குப் போடும் முறை மாறாது.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம்

அப்பா, அம்மா, பாட்டி, 9 வயதுப் பெண், 4 வயதுப் பையன். மொத்தம் ஐந்து பேர். ஊரிலிருந்து தாம்பரம் வந்து சேர்ந்துவிட்டார்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகம் பார்க்க வேண்டும், சாயங்காலம் மெரினாவில் காற்று வாங்க வேண்டும். இவ்வளவுதான் ஆசை.

முதல் வழி: பாஸ் இல்லாமல்

தாம்பரத்திலிருந்து எழும்பூருக்கு மின்சார ரயிலில் இரண்டாம் வகுப்பு 10 ரூபாய். பெரியவர் மூவருக்கு 30. பெண்ணுக்கு அரை டிக்கெட் 5. பையனுக்கு ஐந்து வயது ஆகாததால் டிக்கெட் இல்லை. ஆக 35. போக வர 70 ரூபாய்.

எழும்பூரிலிருந்து மெரினா போய்த் திரும்ப பஸ். 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. பாட்டி, அம்மா, பெண் மூவருக்கும் காசு வேண்டாம். கண்டக்டர் தரும் கட்டணமில்லாச் சீட்டை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அரசுப் பேருந்தில் ஐந்து வயது வரை குழந்தைக்கும் டிக்கெட் இல்லை. மிச்சம் அப்பா ஒருவர்தான். தாராளமாகவே அவருக்கு 30 ரூபாய் வைப்போம்.

மொத்தம் 100 ரூபாய்!

இரண்டாம் வழி: மெட்ரோ பாஸ் எடுத்து

தாம்பரத்தில் மெட்ரோ கிடையாது. மின்சார ரயிலில் திரிசூலம் போய் இறங்கி, எதிரே உள்ள விமான நிலைய மெட்ரோவில் ஏற வேண்டும். அந்த ரயிலுக்கே போக வர 40 ரூபாய் ஆகிவிடும். மெட்ரோவில் வயதுக் கணக்கு இல்லை, உயரக் கணக்குதான். 90 சென்டிமீட்டருக்குள் இருந்தால்தான் குழந்தைக்கு இலவசம். நாலு வயதுப் பையன் அதைத் தாண்டியிருப்பான். அவனுக்கும் சேர்த்து ஐந்து பாஸ், 500 ரூபாய். முன்பணம் 250. அதாவது 750 ரூபாயைக் காலையிலேயே எடுத்துக் கொடுக்க வேண்டும். முன்பணம் திரும்பி வந்தாலும் செலவு 540. அதற்குப் பிறகும் மெரினா மணலுக்குப் போக மெட்ரோவை விட்டு இறங்கி நடக்கவோ, வேறு வண்டி பிடிக்கவோ வேண்டும்.

100 எங்கே, 540 எங்கே!

அப்படியானால் பாஸ் யாருக்கு லாபம்?

மெட்ரோவில் 2021 பிப்ரவரியில் குறைத்த கட்டணப்படி ஒரு முறை போக அதிகபட்சமே 50 ரூபாய். தொலைதூரம் போய்த் திரும்பினாலும் 100-ஐத் தாண்டாது. ஆகவே அதே நாளில் மூன்றாவது முறையும் மெட்ரோ ஏறினால்தான் பாஸில் லாபம் தொடங்கும். நாலைந்து இடத்துக்கு அலைய வேண்டிய ஒரு ஆளுக்கு அது சரி. பிள்ளை குட்டியோடு, கட்டுச்சோறு தூக்குக்கூடையோடு வரும் குடும்பம் ஒரு நாளில் இரண்டு இடம் பார்ப்பதே பெரிசு. "பாஸ் எடுத்துட்டோமே" என்று ஓட ஆரம்பித்தால் பிள்ளைக்கும் களைப்பு, பெரியவருக்கும் களைப்பு.

காசு மட்டும்தான் கணக்கா?

இல்லை. பாட்டிக்கு முட்டி வலி என்றால் கூட்ட நேரத்து மின்சார ரயிலில் ஏற்ற முடியாது. மெட்ரோவில் லிஃப்ட் உண்டு, குளிர்ச்சியும் உண்டு. திரும்பும்போது மட்டும் ஒற்றை டிக்கெட் எடுத்து மெட்ரோவில் வரலாம். அது வீண்செலவு ஆகாது. தேவைக்குச் செலவழிப்பது வேறு, பாஸ் என்ற பேருக்குச் செலவழிப்பது வேறு.

கட்டாயம் வாங்க வேண்டிய சீட்டும் ஒன்று உண்டு. வேறொரு நாள் மாமல்லபுரம் போனால், தொல்லியல் துறை கவுண்டரில் பெரியவருக்கு 40 ரூபாய்ச் சீட்டு ஒன்று வாங்கினால் கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதமும் இரண்டையும் பார்க்கலாம். 15 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு இலவசம். முதல் இடத்தில் பார்த்ததும் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்!

கிளம்பும் முன் நோட்டில் எழுதுங்கள்

1. யார் யார் வருகிறார்கள்? வயது என்ன? சின்னவர் உயரம் என்ன?
2. எந்தெந்த இடம்? அன்று திறந்திருக்குமா? (எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை. வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய் விடுமுறை.)
3. எத்தனை முறை வண்டி ஏறுவோம்? பாஸ் இல்லாமல் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு?
4. பாஸுக்கு மொத்தம் எவ்வளவு? முன்பணம் உண்டா? எங்கே திருப்பிக் கொடுக்க வேண்டும்?
5. பயண பாஸில் நுழைவுக் கட்டணம் சேராது. அதற்கும் சாப்பாட்டுக்கும் தனியாக எவ்வளவு?

மூன்றாவது வரியின் மொத்தத்தைவிட நாலாவது வரி குறைவாக இருந்தால் பாஸ் எடுங்கள். இல்லாவிட்டால் வேண்டாம்.

வேன்காரர் "ஒருநாள் சென்னை டூர், தலைக்கு இவ்வளவு" என்று வந்தாலும் இதே கணக்குதான். சாப்பாடு சேர்த்தா, நுழைவுச் சீட்டு சேர்த்தா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இதற்காக உள்கடன் வாங்க வேண்டுமா? 540 ரூபாய் என்றால் யோசிப்போம். 100 ரூபாயும், நுழைவுச் சீட்டும், கையில் கட்டிய புளிச்சோறும் என்றால் கடன் எதற்கு? வாரம் 20 ரூபாய் தனியாக எடுத்து வைத்தால் கோடை விடுமுறைக்குள் சேர்ந்துவிடும்.

சகோதரிகளே, கணக்குப் பார்ப்பது கஞ்சத்தனம் இல்லை. சரியாகக் கணக்குப் பார்த்தால் வீட்டில் ஒருவரையும் விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை. ஆடு மாட்டை ஒருநாள் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டு நீங்களும் கிளம்புங்கள். அடுத்த வாரம் அவர் போகும்போது நீங்கள் பார்த்துக்கொண்டால் போயிற்று!

குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு:

* உங்கள் குடும்பத்துக்கு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். எவ்வளவு வருகிறது?
* 15 உறுப்பினர்கள் சேர்ந்து தாம்பரத்திலிருந்து மெரினா போய்வந்தால் ரயிலுக்கு எவ்வளவு? ஆளுக்கு 100 ரூபாய் பாஸ் எடுத்தால் எவ்வளவு? மிச்சத்தை என்ன செய்யலாம்?
* போன முறை வீட்டிலேயே நின்றுவிட்ட உறுப்பினர் யார்? ஏன்?